தேர்வில் தோற்ற பேராசிரியர்

1892 ஏப்ரலில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அங்கே லத்தீன், கிரேக்கம் இரண்டுக்கும் பேராசிரியர் பதவி ஒரே நேரத்தில் காலியாகியிருந்தது. லத்தீன் வேண்டும், அது இல்லையென்றால் கிரேக்கமாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தவர் அதுவரை எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் இல்லை. காப்புரிமை அலுவலகத்தில் பத்து வருடமாக வேலை பார்த்துவந்த அரசாங்க குமாஸ்தா அவர். வயது 33. பரிசுகளையும் தகுதிகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், நடுவில் சலனமே இல்லாமல் இன்னொன்றையும் எழுதியிருந்தார்: 1881-ல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தான் தேறவில்லை என்று.

வேலை கேட்டு எழுதுகிற யாரும் அதை எழுதமாட்டார்கள். எழுத நேர்ந்தாலும் கூடவே ஒரு விஷக்காய்ச்சலையோ குடும்பக் கஷ்டத்தையோ சேர்த்துவைப்பார்கள். இவருக்குச் சொல்லிக்கொள்ள உண்மையான காரணமே இருந்தது. தேர்வு நேரத்தில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அதைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு சொல் இல்லை.

ஆல்ஃப்ரட் எட்வர்ட் ஹவுஸ்மன் என்ற அந்தக் குமாஸ்தாவுக்கு லத்தீன் பதவி கிடைத்தது. அந்த நூற்றாண்டின் மிகக் கூரிய லத்தீன் மொழிநூலறிஞர் என்று பின்னாளில் அவரை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். எதிரிகளுக்குப் பஞ்சம் வராமலும் அவரே பார்த்துக்கொண்டார்.

பிறந்தது 1859 மார்ச் 26, இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், பிராம்ஸ்குரோவ் ஊரை ஒட்டிய ஃபாக்பரி என்ற சிற்றூரில். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தாய் நோய் முற்றிக் கிடந்தபோது பையனை வேறு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளன்றே அவள் இறந்துபோனாள். பள்ளியில் படிப்பில் புலி. உதவித்தொகையோடு 1877-ல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1879-ல் நடந்த இடைத்தேர்வில் முதல் வகுப்பு. அது மொழித்தேர்வு. இறுதித் தேர்வில் பண்டைய வரலாறும் தத்துவமும் கேட்பார்கள். அவற்றில் அவர் மனம் ஒட்டவில்லை. புரொப்பர்ஷியஸ் என்ற ரோமானியக் காதல் கவிஞரின் சிதைந்த பாடத்தைச் சரிசெய்வதிலேயே பொழுது போனது. சில கேள்விகளுக்கு விடைத்தாளில் ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை. முதல் வகுப்பு நிச்சயம் என்று எல்லோரும் நம்பியிருந்தவரைத் தேர்வாளர்கள் தேறாதவராக அறிவித்தார்கள்.

வெறும் புரொப்பர்ஷியஸ்தான் காரணமா? கல்லூரியில் அவருக்கு மோசஸ் ஜாக்ஸன் என்று ஒரு நண்பர் இருந்தார். அறிவியல் மாணவர், படகு வலிக்கிறவர், இலக்கிய வாசனை இல்லாதவர். ஹவுஸ்மன் அவரை நேசித்தார். ஜாக்ஸன் திருப்பித் தர முடியாத வகையான நேசம் அது. அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் குற்றமும்கூட. தோற்றுப்போய் ஊர் திரும்பியவர், மறு ஆண்டு அரசுப் பணித் தேர்வு எழுதி, ஜாக்ஸன் வேலை பார்த்த அதே காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். சம்பளம் வருடத்துக்கு 100 பவுண்டு. லண்டன் பேஸ்வாட்டரில் ஜாக்ஸன், அவருடைய தம்பி, இவர் என மூவரும் 1885 வரை ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு வாய்த்தது டிரேட் மார்க் பதிவுப் பிரிவு. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பலரும் இந்தப் பத்து வருடங்களை வனவாசமாகவே சித்தரிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரேட் மார்க் பதிவில் அடிப்படை வேலை என்ன? புதிதாக வந்த சின்னத்தை ஏற்கெனவே பதிவான சின்னங்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றா, ஒன்றைப் பார்த்து மற்றது வந்ததா, சாதாரணக் கண் ஏமாறுமா என்று முடிவுசெய்வது. மாலையில் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையில் உட்கார்ந்து அவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். சின்னங்களுக்குப் பதில் அங்கே எழுத்துகள்.

யாரும் கேட்காத வேலை அது. பகல் முழுக்க அலுவலகம்; பிறகு மின்விளக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்த வட்ட மண்டபத்தில் ஹொரேஸ், புரொப்பர்ஷியஸ், ஓவிட், ஈஸ்கிலஸ் என்று பழைய லத்தீன், கிரேக்கக் கவிஞர்கள். 1882-லேயே ஹொரேஸ் பற்றிய முதல் கட்டுரை ஆய்விதழில் வெளியாகிவிட்டது. அதன் பின்னால் வரிசையாகக் கட்டுரைகள். ஐரோப்பாவில் லத்தீன் தெரிந்தவர்கள் இந்த ஹவுஸ்மன் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று தேடும் நிலை வந்தது. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோமானியக் கவிஞர் தன் கையால் எழுதிய ஒரு வரிகூட இன்று கிடையாது. நம்மிடம் இருப்பவை பல நூற்றாண்டுகள் கழித்து மடாலயங்களில் எழுதிய படிகள். படிக்குப் படி, அதற்கும் ஒரு படி. எழுதுகிறவருக்குத் தூக்கம் வரும், கண் ஒரு வரி தாண்டும், அந்தக் கால எழுத்தில் என்-னும் யு-வும் ஒன்றுபோலத் தெரியும், புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிவிடுவார். ஏட்டுச் சுவடிகளோடு மல்லுக்கட்டிய நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று சொல்லிவந்தது இதைத்தான். லத்தீன் யாப்பும் குறில் நெடில் கணக்கில் நடப்பது. ஓசை இடறும் இடத்தில் சந்தேகம் கிளம்பும். சந்தேகம் வந்த இடத்தில் கவிஞர் என்ன எழுதியிருக்க முடியும் என்று ஊகிக்க வேண்டும். மொழி, யாப்பு, எழுத்துருவம், பொருள் நான்கும் அந்த ஊகத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

சில நேரம் ஓர் எழுத்தையும் தொட வேண்டியிருக்காது. ரோமானியக் கவிஞர் கட்டல்லஸின் நெடும்பாட்டு ஒன்றில், அக்கிலிஸின் தந்தையான பீலியஸின் கல்யாணத்தில் விதித் தேவதைகள் வாழ்த்துப் பாடுகிற இடம். அதில் 'ஓபிஸ்' என்று ஒரு சொல். வலிமை என்று பொருள் கொண்டு, அதை முன்னால் உள்ள சொற்களோடு சேர்த்துத்தான் அறிஞர்கள் படித்துவந்தார்கள். 1915-ல் ஹவுஸ்மன் காற்புள்ளியை ஒரு சொல் முன்னுக்கு இழுத்து, 'ஓபிஸ்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினார். வலிமை போய், ஆப்ஸ் என்ற தெய்வம் வந்தாள்; 'ஓபிஸ்' என்றால் 'ஆப்ஸின்'. ஆப்ஸின் மகன் ஜுப்பிட்டர். தேவராஜனுக்குப் பிரியமானவனே என்று மாப்பிள்ளையை விளிக்கும் வரியாக அது நிமிர்ந்துவிட்டது. இப்போதைய பதிப்புகளில் அந்தக் காற்புள்ளி அவர் வைத்த இடத்தில் இருக்கிறது.

யூனிவர்சிட்டி கல்லூரியில் 19 வருடம். ஆண்களோடு பெண்களும் படித்த கல்லூரி அது. ஆசிரியராக அவர் எப்படி என்று அங்கே படித்த ஆர். டபிள்யூ. சேம்பர்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். பயிற்சித் தாளில் தப்பு வந்தால் வார்த்தைகளாலேயே தோலை உரிப்பார், மாணவிகள் அழுதிருக்கிறார்கள். அழுததைவிட அவர்களுக்கு வலித்தது வேறொன்று. அடுத்த வாரம் எதிரே வந்தால், யார் என்றே தெரியாமல் கடந்துபோவார். பல வருடம் கழித்து அந்தக் கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது பழைய மாணவர்களிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பும் அவர் பாணியில்தான் இருந்தது. மிஸ் ஜோன்ஸுக்கும் மிஸ் ராபின்சனுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் ஏற்றியிருந்தால் இரண்டாம் வேற்றுமைப் பட்டியலுக்கும் நான்காம் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம் மறந்துபோயிருக்கும் என்றாராம். லத்தீன் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாகச் சிரிக்க இடமுண்டு. அந்த இரண்டு பட்டியலிலும் சொற்கள் பெரும்பாலும் ஒரே 'உஸ்' ஈற்றில்தான் முடியும்.

1896-ல் அவர் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார், 'எ ஷ்ராப்ஷயர் லேட்'. பதிப்பகம் செலவை ஏற்கவில்லை. 30 பவுண்டு கைக்காசு போட்டார். 500 பிரதி. மெதுவாக விற்றது. பிறகு அது பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போரில் சிப்பாய்களின் சட்டைப்பையில் இருக்கும் அளவுக்கு. அடுத்த பதிப்பைக் கொண்டுவந்த கிராண்ட் ரிச்சர்ட்ஸிடம் ராயல்டி வேண்டாம் என்றுவிட்டார். அவரைக் கவிஞராக மட்டும் அறிந்தவர்களே உலகத்தில் அதிகம். தன் உத்தியோகம் என்று அவர் எண்ணியது லத்தீன்.

அந்த லத்தீனில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலைதான் விசித்திரம். வர்ஜில் இல்லை, இளமையில் மயக்கிய புரொப்பர்ஷியஸும் இல்லை. மனிலியஸ். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோதிடத்தை ஐந்து காண்டங்களில் செய்யுளாக்கிய ஒருவர். ராசி, பாகை, வீடு, கூட்டல், கழித்தல் எல்லாம் யாப்புக்குள். இந்த ஆளைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், வானவியலும் தெரியாது ஜோதிடமும் தெரியாது என்று கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு ஹவுஸ்மனே எழுதினார். பின் எதற்கு? முன்னால் ஸ்காலிஜர், பென்ட்லி போன்ற பழைய பேரறிஞர்கள் மோதிப் பார்த்த நூல் அது. பாடமும் சிதைந்தது, பொருளும் கடினம். தீர்க்க வேண்டிய முடிச்சுகள் எக்கச்சக்கம். மல்லனுக்குக் கனமான கல்தான் வேண்டும். அதற்காக ஹவுஸ்மன் பழங்கால ஜோதிடத்தையே உட்கார்ந்து படித்தார்.

முதல் காண்டம் 1903-ல், கடைசிக் காண்டம் 1930-ல். 27 வருடம். உரை முழுக்க லத்தீனிலேயே. அச்சுச் செலவு ஐந்துக்கும் அவருடையது; விலை அடக்கத்துக்கும் கீழே. முதல் காண்டத்தின் முன்னுரை இன்றும் படிக்கக் கிடைக்கும் உயர்தர வசை. எந்தப் பாடம் சரி என்று யோசிக்கும் சிரமத்துக்குப் பயந்து ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கட்டிக்கொண்டு அழும் பதிப்பாசிரியர்களை, இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நிற்கும் கழுதையோடு ஒப்பிட்டார். ஒரு கட்டை அப்புறப்படுத்திவிட்டால் தான் கழுதை இல்லை என்று ஆகிவிடும் என அந்தக் கழுதை நினைக்கிறதாம். அடி வாங்கியவர்களில் பலர் உயிரோடு இருந்த ஜெர்மானியப் பேராசிரியர்கள். அவர் இறந்த பிறகு காகிதங்களைப் புரட்டிய தம்பி லாரன்ஸ், முன்கூட்டியே செதுக்கிவைத்த வசை வாக்கியங்களைக் கண்டார். திட்டப்பட வேண்டியவரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. சில இடங்களில் குற்றத்தைவிடத் தண்டனை பெரியது. ஆனால் தன் மீதும் அந்தக் கம்பை வீசத் தெரிந்தவர் அவர். 1930 முன்னுரையில் கணக்கு சொல்கிறார்: காண்டத்துக்கு 400 பிரதி அச்சிட்டேன், முதல் காண்டம் மட்டுமே தீர்ந்திருக்கிறது, அதற்கும் 23 வருடம் ஆயிற்று. அதுவும் உள்ளே கேவலமான முன்னுரை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட படிக்காதவர்கள் வாங்கியதால்தான். சலிப்பூட்டும் ஆசிரியர், வெறுப்பூட்டும் பதிப்பாசிரியர் என்ற ஜோடியை யாருக்குப் பிடிக்கும் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

முதல் காண்டத்தை அவர் காணிக்கையாக்கியது மோசஸ் ஜாக்ஸனுக்கு, லத்தீன் செய்யுளோடு. ஜாக்ஸன் அப்போது இந்தியாவில் இருந்தார். 1887-லேயே கராச்சியில் சிந்து கல்லூரிக்கு முதல்வராகக் கப்பல் ஏறிவிட்டார். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை எப்போது தொட்டது என்று ஹவுஸ்மனின் சட்டைப்பை நாட்குறிப்பில் சுருக்கக் குறிப்புகள் உண்டு. உணர்ச்சி என்று ஒரு சொல் கிடையாது. ஊர்ப் பெயர், தேதி, அவ்வளவே. 1889-ல் லண்டன் வந்து ஜாக்ஸன் கல்யாணம் செய்துகொண்டார். ஹவுஸ்மனுக்கு அழைப்பு இல்லை.

ஓய்வு பெற்ற ஜாக்ஸன் கனடாவின் மேற்குக் கரையில் குடியேறினார். 1922-ல் அவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. இருபத்தாறு வருடமாக இரண்டாவது கவிதைத் தொகுப்பே போடாத ஹவுஸ்மன் அவசரமாகப் பழைய குறிப்பேடுகளைத் திறந்து, அரைகுறையானவற்றை முடித்து, அக்டோபரில் 'லாஸ்ட் போயம்ஸ்' வெளியிட்டு ஒரு பிரதியை அவருக்கு அனுப்பினார். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பென்சிலில் ஒரு பதில் வந்தது. 1923 ஜனவரியில் ஜாக்ஸன் இறந்தார். பென்சில் எழுத்து மங்கிப்போகும் அல்லவா? அந்தக் கடிதத்தின் எழுத்துகள் மேலேயே ஹவுஸ்மன் மையால் ஓட்டி எழுதிவைத்தார். வாழ்நாள் முழுக்கப் பிறர் எழுதிய படிகளில் அழிந்த எழுத்தைத் தேடியவர்.

கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது 1911-ல். டிரினிட்டி கல்லூரியின் வியூவெல் கோர்ட்டில், 44 படி ஏறிப்போக வேண்டிய அறைகள். கிழவரான பிறகும் இரண்டிரண்டு படியாகத் தாவுவார். உச்சியில் போய் விழுந்து செத்தால் நல்லது என்ற ஆசையில்தான் என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் குடியிருந்த தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் வயிற்றுப்போக்கு தாங்காமல் ஓடிவந்து கழிப்பறையைக் கேட்டபோது மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. இத்தனைக்கும் மனிதர் துறவி இல்லை. நல்ல சாப்பாட்டிலும் ஒயினிலும் தேர்ந்த நாக்கு. பாரிஸ் உணவகங்கள் பழக்கம். 1920-லிருந்து அங்கே விமானத்தில் பறந்தார். அரசர் தரும் ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டத்தை 1929-ல் வேண்டாம் என்றார். கௌரவ டாக்டர் பட்டங்கள் வந்தபோதெல்லாம் அதே பதில்.

வகுப்பில் அவர் கவிதையின் அழகைப் பற்றிப் பேசவே மாட்டார். இலக்கிய விமர்சனம் தன் தகுதிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி ஒதுக்கிவைத்திருந்தார். சொல், பாடம், யாப்பு, முந்தைய உரைகாரர்களின் அசட்டுத்தனம், மணியடித்தால் எழுந்து போவது. ஒரே ஒரு நாள் அது தவறியது. அன்று வகுப்பில் இருந்த மாணவி ஒருவர் பின்னால் எழுதிய நினைவு அது. 1914 மே, மரமெல்லாம் பூத்திருந்த காலை. ஹொரேஸின் நான்காம் புத்தகத்தில் ஏழாவது பாட்டு. வழக்கம்போல அறுத்துக் கூறுபோட்டு முடித்தார். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து மாணவர்களைப் பார்த்தார். மிச்சமிருக்கும் சில நிமிடம் இதைக் கவிதையாக மட்டும் பார்ப்போமே என்றார். குரல் வேறாக இருந்தது. லத்தீனில் ஒருமுறை, தன் சொந்த மொழிபெயர்ப்பில் ஒருமுறை வாசித்தார். பழைய இலக்கியத்திலேயே மிக அழகான பாட்டு இதுதான் என்று, ரகசியத்தை உளறிவிட்டவர்போல அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு அறையை விட்டு வேகமாக வெளியேறினார். கிழவர் அழுதுவிடுவாரோ என்று பயந்துபோனேன் என்று கூட நடந்துவந்த மாணவர் சொன்னாராம். மூன்று மாதத்தில் போர் மூண்டது.

1936 ஏப்ரல் 30 அன்று கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார். கடைசியில் மருத்துவர் அவரைச் சிரிக்கவைக்க ஒரு கொச்சையான கதை சொல்ல, இது நன்றாயிருக்கிறது, நாளைக்கு மேலோகத்தில் போய்ச் சொல்கிறேன் என்றார். அஸ்தி ஷ்ராப்ஷயரின் லட்லோவில் தேவாலயச் சுவரோரம் புதைக்கப்பட்டது.

கேம்பிரிட்ஜில் பதவியேற்றபோது 1911-ல் அவர் ஆற்றிய தொடக்க உரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அதில் ஒரு பூனைக் கதை உண்டு. எகிப்தியர்கள் ஓர் ஊரில் ஒரு பிராணியை, இன்னோர் ஊரில் இன்னொன்றைக் கும்பிடுகிறார்கள் என்று கேலிசெய்யும் ரோமானிய அங்கதக் கவிஞர் ஜுவனலின் வரியில், கையெழுத்துப் பிரதிகளில் 'நீல நிறத்தவை' என்று இருக்கிறது. அதை மீன் என்று வலிந்து பொருள் சொல்லிவந்தார்கள். அங்கே இருந்திருக்க வேண்டிய சொல் 'பூனைகள்' என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே ஒரு பிரெஞ்சு அறிஞர் கண்டுசொல்லிவிட்டார். லத்தீனில் இரண்டும் எழுத்தளவில் நெருங்கிய சொற்கள். ஆனால் பிரதியை விட மனமில்லாத ஜெர்மானியப் பதிப்பாசிரியர்கள் நீலத்தையே வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஐந்து கல்விக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய லத்தீன் பேரகராதி அவர்களுடைய பதிப்பை நம்பியது. விளைவு, பூனை என்ற சொல்லுக்குக் கீழே ஜுவனலின் பெயரே இல்லை. சபை சிரித்திருக்கும்.

உரையை அச்சுக்குக் கேட்டார்கள். அதில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ஒரு பாட்டுக்குரிய பாடத்தைப் பற்றி ஒரு தகவல் சொல்லியிருந்தார். அதை எங்கே பார்த்தோம் என்று தேடினார்; சரிபார்க்க முடியவில்லை. பேச்சின் மையத்துக்கும் அந்தத் தகவலுக்கும் பெரிய சம்பந்தமில்லை. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை அச்சிட்டிருக்கலாம். அவர் முழு உரையையும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். நூலாக அது வெளிவந்தது 1969-ல், அவர் இறந்து 33 வருடம் கழித்து.